அடம்பனில் இறக்கிவிட்டவன்

காதல் கதை எழுதுகிறவளுக்கு நெஞ்சு ஈரமாக இருக்கும் என்று மன்னாரில் நம்புகிறார்கள். நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வரும் பெண்கள், மாத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டே, "நீங்கள் எழுதிற மாதிரி ஒரு மனுசன் எனக்குக் கிடைச்சிருக்கலாம்" என்று பெருமூச்சு விடுவார்கள். நான் தலையாட்டுவேன். என் நெஞ்சில் கிடந்தது ஈரம் அல்ல, உப்பளத்துப் பாத்தி. பார்க்கத் தண்ணீர்தான். வெயில் ஏற ஏற உள்ளே இருந்தது வெள்ளையாக மேலே வரும்.

நான் எழுதத் தொடங்கியது ஒருவனைப் பழிவாங்க. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, புது வீட்டின் கூரைத் தகரம் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அவன் என்னைப் பெண் பார்க்க வந்தான். ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று முதலில் பார்த்தவள் நான்தான். மோட்டார் சைக்கிளின் எஞ்சினை ஒழுங்கை தொடங்குகிற தெருமுனையிலேயே நிறுத்தி, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்து வேப்பமர நிழலில் விட்டான். இடது புருவத்தை நடுவால் அறுத்த ஒரு பழைய காயம். யார் பேசினாலும் அவர்கள் பக்கம் தலையைச் சற்றுச் சரித்துக் கேட்கிற பழக்கம். எனக்குப் பிடித்திருந்தது. இந்தப் பக்கங்களில் நான் எழுதப்போகிற எல்லாவற்றிலும் கசப்பான வசனம் அதுதான். பிடித்திருந்தது.

எனக்கு முன்பற்கள் நீட்டு. உதட்டை இழுத்து மூடிப் பழகிய முகம் என்னுடையது. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். அன்றைக்குச் சோடாத் தட்டோடு வந்து நின்றபோது கை இரண்டும் தட்டில் இருந்தன. அவன் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. தரகரைப் பார்த்துச் சொன்னான்:

"பிள்ளை வாயே திறக்கேல்லை. ஒருக்காச் சிரிச்சுக் காட்டச் சொல்லுங்கோ."

"சிரி பிள்ளை, வெக்கப்படாத" என்றா அம்மா.

நான் சிரித்தேன். சிரிப்பு வராதபோது சிரித்தால் உதடு மட்டும்தான் விலகும், துணிக்கடையில் சீலையை விரித்துக் காட்டுவது போல. அவன் தலையைச் சரித்துப் பார்த்தான். பிறகு வாசல் படலையடியில், மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே, எங்களுக்கும் கேட்கட்டும் என்று சொன்னான்: "பல்லுக்கு வேற சீதனம் வேணும்."

தரகர் சிரித்தார். எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவரும் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் போய்ச் சேருவதற்கு முன்னரே அந்த வசனம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதற்குப் பின்னரும் இரண்டு மூன்று இடத்தில் பேசினார்கள். யார் வந்தாலும் நான் குசினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கடைசியில் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் எழுதினேன். என் கதாநாயகிகளுக்குக் கடல் கொடுத்த முத்தை வரிசையாக அடுக்கியது போன்ற பல். அவர்களை ஒருவன் முதலில் இகழ்வான், விட்டுவிட்டுப் போவான், கடைசி அத்தியாயத்தில் திரும்பி வந்து முழங்காலில் நின்று, "என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்பான். அவனுக்கு இடது புருவத்தில் ஒரு காயம் இருக்கும். தலையைச் சரித்துக் கேட்பான். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான். சிலாவத்துறைக் கடற்கரை மணலில் அவனை முழங்காலில் நிறுத்தினேன். இலுப்பைக்கடவைச் சந்தியில், மாரிச் சேற்றில் நிறுத்தினேன். கச்சான் காற்று அறைய அறைய மன்னார்ப் பாலத்து முனையில் நிறுத்தினேன். யாழ்ப்பாணத்து வாரப் பத்திரிகை ஒன்று அவற்றைத் தொடராகப் போட்டது, பிறகு புத்தகமாகவும் வந்தன. பெண்கள் அழுதார்கள். நான் அழவில்லை. அவன் முழங்கால் தரையில் படுகிற வரியை எழுதும்போதெல்லாம் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். பசியோடிருந்தவளுக்குக் கருவாட்டு மணம் வந்த மாதிரி.

நிஜத்தில் அவன் படகு எஞ்சின் சாமான் கடை வைத்தான். கலியாணம் கட்டினான். தொந்தி வைத்தான். அதெல்லாம் எனக்கு வேண்டாம், காகிதத்தில் அவன் கால் நோகிறது என்பதே போதும் என்று இருபது வருடத்துக்குக் கிட்ட இருந்தேன்.

என்னோடு மருந்துக்கடையில் வேலை செய்கிறவள் சிலாவத்துறையிலிருந்து பஸ்ஸில் வருகிற முஸ்லிம் பெண். என்னைவிட இளையவள். தொடர் வெளிவருகிற நாளில் பத்திரிகையை எனக்கு முன்னர் படித்துவிட்டு எனக்கே கதை சொல்வாள். போன வருடம் ஒரு மத்தியானம், கழுதைகள் கடை நிழலில் வந்து ஒதுங்குகிற நேரம், ஊசிமருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்:

"அக்கா, ஒண்டு சொன்னாக் கோவிக்கமாட்டீங்களே?"

"சொல்லு."

"எங்கட அவர் முடி வெட்டப் போன இடத்தில ஒரு ஆள் கதைச்சதாம். எஞ்சின் சாமான் கடைக்காரர். 'பேப்பரில வாற கதையில கதாநாயகன் ஆர் தெரியுமோ? நான்தான். புருவத்துக் காயத்தைப் பாருங்கோ. நான் வேண்டாமெண்டு போட்டு வந்த பொம்பிளை, இத்தனை வருசமா என்னையே நினைச்சு நினைச்சு எழுதுறாள், பாவம்' எண்டு சொன்னதாம்."

"பாவம் எண்டோ சொன்னவன்?"

"ஓம் அக்கா. சலூன்காரன் அந்த ஆளுக்குக் காசு வாங்காம முகம் வழிச்சு விட்டவனாம். கதாநாயகனாம் எண்டு."

அன்றைக்கு ஒரு கிழவருக்குக் கண்ணுக்கு விடுகிற மருந்துக்குப் பதிலாகக் காதுக்கு விடுகிறதை எடுத்துக் கொடுக்கப் போனேன். அவள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வீட்டுக்குப் போய் என் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். அவன் சொன்னது உண்மை. ஒவ்வொரு அட்டைக்குள்ளும் அவன்தான். முழங்காலில் நிற்கிறவன்தான் படத்தின் நடுவில் நிற்கிறான் என்பது எனக்கு ஏன் விளங்கவில்லை? நான் போட்டது தண்டனை. அவன் போய் இருந்தது பீடத்தில். அவனுக்குத் தலைமயிர் கொட்டியபோது நான் காகிதத்தில் முளைக்க வைத்திருக்கிறேன். அவனுக்குத் தொந்தி விழுந்தபோது நான் வயிற்றை ஒட்ட வைத்திருக்கிறேன். என் கதைப் பெண்களுக்கோ, என் பல்லைப் பிடுங்கிவிட்டு அவன் கேட்ட பல்லைக் கட்டியிருக்கிறேன். அவன் கேட்ட சீதனத்தைத் தவணை தவணையாக, ஒவ்வொரு கிழமையும், நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

கோபம் என்பது சூடு என்று யார் சொன்னது? அது எனக்குக் குளிராக வந்தது. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டவுடன் விரல்களுக்கு வருகிற தெளிவு.

அப்போது பத்திரிகையில் ஓடிக்கொண்டிருந்த தொடர் பாதி வழியில் இருந்தது. நாயகியும் நாயகனும் அடம்பன் ஊர் வழியாகப் போகிற பஸ்ஸில் இருந்தார்கள். அடுத்த அத்தியாயத்தைச் செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்பவேண்டும். அவனை என்ன செய்வது? கடலில் மூழ்கடிக்கலாம். ஆனால் மூழ்கியவனுக்கு ஊர் கூடி அழும், முப்பத்தோராம் நாள் பூசை வைக்கும், சலூனில் அதற்கும் ஒரு கதை இருக்கும். கெட்டவனாக்கலாம். கெட்டவர்களுக்குத்தான் நல்ல வசனம் வாய்க்கும். மொட்டையும் தொந்தியுமாக எழுதலாம். அதை ஆண்டவர் ஏற்கனவே செய்து முடித்துவிட்டார், அவருடைய வேலையில் நான் ஏன் கை வைக்கவேண்டும்? அவனுடைய நோய் வருத்தங்கள் எனக்குத் தெரியும், டாக்டர் அவனுக்கு எழுதிக் கொடுக்கிற மருந்துத் துண்டு எங்கள் கடைக்குத்தான் வருகிறது. அதைத் தொடமாட்டேன். பழிக்கும் ஒரு தொழில் நேர்மை உண்டு. என்ன மாத்திரை என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

திங்கட்கிழமை விடிய எழும்பி எழுதினேன். அடம்பனில் பஸ் நின்றது. நாயகிக்குத் தாகம். சோடா வாங்க அவன் இறங்கினான். பஸ் வெளிக்கிட்டது. நாயகி திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வயல் பச்சையாக ஓடியது, அவள் அதைப் பார்த்துக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் கதையில் இல்லை. அவள் அவனைத் தேடவில்லை, நினைக்கவில்லை, அவனுக்காக ஒரு துளி கண்ணீரும் விடவில்லை. அவன் பெயர்கூட மறுபடி வரவில்லை. அவள் இலுப்பைக்கடவையில் இறங்கினாள், வேலைக்குப் போனாள், ஸ்கூட்டி ஓடப் பழகி வேலிக்குள் விழுந்தாள். விழுந்து கிடந்து சிரித்தாள். சிரித்தபோது முன்பற்கள் இரண்டும் நீட்டிக்கொண்டு தெரிந்தன.

பத்திரிகையிலிருந்து ஆசிரியர் தம்பி போன் எடுத்தார்.

"அக்கா, கதாநாயகன் அடம்பனில நிக்கிறார்."

"ஓம்."

"அவரை ஏத்துங்கோ அக்கா."

"பஸ் போயிட்டுது தம்பி."

"அடுத்த பஸ்ஸில ஏத்துங்கோவன்!"

"அடுத்த பஸ் கதையில இல்லை."

"அதுசரி, முதலாம் அத்தியாயத்தில முத்துப்பல் எண்டனீங்கள். இப்ப மிதப்புப்பல் எண்டிறியள்?"

"முத்துப்பல் எண்டது அவன்ர நினைப்பு. அவ அதுவரைக்கும் வாய் திறந்து சிரிக்கேல்லை."

வாசகர்கள் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து ஏசுகிறார்கள், ஆளைத் திருப்பிக் கொண்டு வராவிட்டால் தொடரை நிறுத்த வேண்டிவரும் என்றார். அவர் சொன்னது விளையாட்டுப் பகிடி அல்ல. அந்தப் பத்திரிகை போனால் என்னைப் போட வேறு பத்திரிகை இல்லை. முத்துப்பல்லையும் முழங்காலையும் விட்டால் என்னிடம் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. இரண்டு நாள் வெள்ளைத் தாளோடு இருந்தேன். ஒரே ஒரு வரி போதும், "அவன் அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தான்" என்று. எழுதியும் பார்த்தேன். எழுதிய உடனேயே சலூன் கண்ணாடியில் அவன் தலையைச் சரித்துச் சிரிப்பது தெரிந்தது. கிழித்தேன்.

"நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ தம்பி. ஆள் வரமாட்டார்" என்று போன் எடுத்துச் சொன்னேன்.

நிறுத்தவில்லை. ஏசுவதற்காகவாவது சனம் பத்திரிகை வாங்கியது. சில கிழமை கழித்து, நாயகியின் வீட்டுக்குத் தண்ணீர்ப் பம்ப் திருத்த ஒருவனை வரவழைத்தேன். அவனுடைய முகத்தை எந்த ஜன்னல் சீலைக்குப் பின்னாலிருந்தும் எடுக்கவில்லை. இல்லாத ஒருவனை மூக்கு, காது, நகத்தழுக்கு என்று ஒவ்வொன்றாக உண்டாக்கினேன். கைக்கு வராத வேலை, முதுகு நொந்தது. அவன் சிரித்தால் கழுதை கத்துவது போலிருக்கும். வெங்காயம் நட எந்த மாதம் நல்லது என்று மணிக்கணக்காகப் பேசுவான். என்னோடு வேலை செய்கிறவள், "பழையவரைப் போல வடிவில்ல அக்கா, ஆனா இவரோட ஒரு வீட்டில இருக்கலாம்" என்றாள்.

பிறகு ஒருநாள் எஞ்சின் சாமான் கடைக்காரன் மருந்துக்கடைக்கு வந்தான். வழக்கமாக மருந்து எடுக்க மனைவிதான் வருவா. இந்த முறை தானே வந்து, மருந்துத் துண்டைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, வாங்கிக்கொண்டிருந்தவர்கள் போகும்வரை ஒதுங்கி நின்றான். நான் மாத்திரையை எண்ணி உறைக்குள் போட்டேன். முதன்முதலாக என்னைப் பார்த்து, என்னோடு பேசினான்.

"ஒரு விசயம் கேக்கவேணும்."

"கேளுங்கோ."

"உந்த... அடம்பனில இறங்கின ஆள்."

"எந்த ஆள்?"

"உங்கட கதையில. புருவத்தில காயம்..."

"ஓ. அவரோ? நான் அவரை மறந்துபோனன்."

என்னோடு வேலை செய்கிறவள் அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ தேடத் தொடங்கினாள். அங்கே தேட ஒன்றும் இல்லை.

"உங்களுக்கு மறந்திருக்கும்" என்றான். "எனக்குத்தான் ஊரில இருக்க ஏலாமக் கிடக்கு. சலூனுக்குப் போனா, 'அடம்பன் வாறார், இடம் விடுங்கோ' எண்டுறாங்கள். பஸ்ஸில ஏறினாக் கொண்டக்டர் பொடியன், 'ஐயா, இந்த முறை சோடா வாங்க இறங்காதேங்கோ' எண்டுறான். கடைக்குச் சாமான் வாங்க வாறவனும் அதைத்தான் கேக்கிறான்."

நான் உறையில் மாத்திரை எடுக்கிற வேளையை எழுதிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காலத்தில நான் ஏதோ பகிடிக்குச் சொன்னது" என்றான், குரலைத் தாழ்த்தி. "பிழைதான். மனசில வைச்சிருக்காதேங்கோ."

இத்தனை வருடம் நான் காத்திருந்த வசனம் அது. கண்ணாடி மேசைக்கு மேலாக, இருமலுக்குக் குடிக்கிற பாணிப் போத்தல்களுக்கு நடுவால், இப்படித்தான் வந்தது. நான் அவனுக்கு எழுதிக் கொடுத்த மன்னிப்புகள் இதைவிட எவ்வளவோ நல்லவை. அவற்றுக்குக் கடல் இருந்தது, காற்று இருந்தது. இதற்கு ஊரின் பகிடி தாங்காத ஒரு மனிதனின் அலுப்பு மட்டும் இருந்தது. நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணாடி மேல் கிடந்த இடத்திலேயே விட்டேன்.

"திருப்பிக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்" என்றான். "வேற ஒண்டும் ஏலாட்டில், அவரைச் சாகடிச்சாவது விடுங்கோ. கதை முடிஞ்சுபோம்."

தலையைச் சரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சரிவை எத்தனை விதமாக வர்ணித்திருப்பேன்! கிட்ட நின்று பார்த்தால், ஒரு காது சரியாகக் கேட்காதவன் நிற்பது போல இருந்தது.

"சாகடிக்கிறதெண்டா அவரைப் பற்றி ஒரு பந்தி எழுதவேணும்" என்றேன். "அவ்வளவுக்கு இடமில்லை."

உறையை அவன் பக்கம் தள்ளினேன். "காலமை ஒண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு." அவனுக்குப் பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்ற பெண்ணைப் பார்த்து, "நீங்கள் வாங்கோ, என்ன வேணும்?" என்று கேட்டேன்.