ஈரச்சாக்கு

போர்ட் பிளேர் கடற்கரைப் பூங்காவில் வெள்ளைக்காரன் விட்டுப்போன பீரங்கி ஒன்று கிடக்கிறது. அங்கே இருந்த காவலாளிக்கு வலது கையில் இரண்டு விரல்கள்தான். தினமும் காலையில் கம்பில் ஈரச்சாக்கைச் சுற்றி, பீரங்கியின் வாய்க்குள் விட்டுத் துடைப்பார். பக்கவாட்டில்தான் நிற்பார், வாய்க்கு நேரே ஒருநாளும் நின்றதில்லை.

ஒருநாள் அவர் துடைக்கத் தொடங்கும் நேரம், சுற்றுலா வந்த ஒருவன் படம் எடுப்பதற்காகத் தன் மகளின் தலையை அந்த வாய்க்குள் நுழைத்தான். “ஹட்டோ!” என்று பாய்ந்த காவலாளி, பிள்ளையை இழுத்து இறக்கிவிட்டு அவனை அறைந்தார். அவன் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. அவனும் திருப்பி அடித்தான். நான்தான் நடுவில் புகுந்து விலக்கினேன்.

அவன் திட்டிக்கொண்டே போனதும், “செத்த பீரங்கிக்குப் போயா இந்த அடிதடி, அண்ணே?” என்றேன்.

“மெயின்லேண்டுல எங்க மாதா கோயில் திருநாளுக்கு இரும்புக் குழாய்ல வேட்டுப் போடுவோம், சார். வெடியுப்பு, கந்தகம், கரி. வெடியுப்பு காத்தைத் தனக்குள்ளயே வச்சிருக்கும். வாயை அடைச்சாலும் மருந்து எரியும். அதனால ஒவ்வொரு வேட்டுக்கும் அப்புறம் ஈரச்சாக்கு விட்டு உள்ள கிடக்குற நெருப்புக் கங்கை அணைக்கணும். அன்னைக்குத் தேர் கிளம்பிருச்சு. ‘தொடச்சது போதும், மருந்தை இடிடா’ன்னு நான்தான் கத்துனேன். எந்தம்பி கம்பை விட்டு இடிச்சான். அந்தக் கம்பு அவன் தாடையில ஏறி மண்டை வழியா வந்துச்சு.”

“இதுல மருந்து போட்டு எத்தனையோ காலம் ஆச்சே?”

“மாலும் ஹை, சார். தெரியும்.”

சொல்லிக்கொண்டே கம்பை உள்ளே விட்டு இழுத்தார். சாக்கு சிவந்து வந்தது. துருதான். எனக்கும் தெரியும். ஆனாலும் வாய்க்கு நேரே நின்றிருந்த நான், சட்டென்று விலகிக்கொண்டேன்.