அம்மா போட்ட காபி

மகள் வீட்டுக் கரண்ட் அடுப்பில் காபி கொதிக்கும் வாசனை வந்ததும் எங்கள் திருத்தணி வீடு ஞாபகத்துக்கு வந்தது.

எழுபதுகளில் மண்ணெண்ணெய்க்குப் பெரும் தட்டுப்பாடு. நைனா எங்கள் இரண்டு மாடுகளை நம்பிக் கொல்லையில் சாண எரிவாயுத் தொட்டி கட்டினார். "சாணி கேஸுல சமைச்சா சோறே நாறும்" என்று அம்மா அந்த அடுப்பைத் தொடவே இல்லை.

நைனாவின் தங்கையான அத்தையைப் பெண் பார்க்க நகரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று ஸ்டவ்வில் சொட்டு எண்ணெய் இல்லை. வேறு வழியின்றி அம்மா அந்தச் சாணி கேஸ் அடுப்பில்தான் காபி போட்டாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்தார்.

"காபி என்னா மணமா கீது! எப்பிடிங்க?"

"எல்லாம் எங்க மாடுங்க புண்ணியங்க," என்றாள் அம்மா.

பாலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தவர்கள், சம்பந்தம் பேசும்போது இரண்டு மாடுகளையும் சீர்வரிசையாகக் கேட்டார்கள். கல்யாணம் முடிந்ததும் அத்தையின் பின்னால் எங்கள் எரிவாயுவும் நகரிக்கு நடந்தே போனது.