இடது இறக்கைக்கு அடியில் ஒரு ஒட்டு

யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம்பர் பிளேட்டில் பிரஷ்ஷால் எழுதச் சொன்னால் அளவெடுத்ததுபோல எழுதிவிடுவேன். பேனாவைக் கையில் கொடுத்தால் வரி மேலே ஏறும், பிறகு கீழே இறங்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். யாரிடமாவது காட்டித் திருத்தி வாங்கியிருக்கலாம். காட்டுகிற மாதிரியான விஷயம் இல்லை இது.

அடி அண்ணாமலையில் எனக்கு ஒரு சின்னக் கடை. இரண்டு சக்கர வண்டிகளுக்கு டிங்கரிங், பெயின்டிங். விழுந்து அடிபட்ட வண்டி வரும். நசுங்கிய இடத்தைத் தட்டி எடுத்து, பட்டி பூசி, காய்ந்ததும் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பேன். வண்டி விழுந்ததே தெரியக் கூடாது. தொழிலில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வாடிக்கைக்காரர்களில் சிலர் கீறல் இருக்கும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்துக் கொண்டுவருவார்கள். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. அந்த வழக்கத்தை இங்கே சொல்லி வைக்கிறேன். சாக்காக அல்ல. நடந்தது அப்படி என்பதால்.

வேங்கிக்காலில் குடியிருக்கும் சார் ஒருவர், விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், அவருடைய ஸ்கூட்டரை ஒருமுறை என்னிடம் பெயின்ட் அடிக்கக் கொடுத்தார். அதன் பக்கவாட்டில் நான் இழுத்துக் கொடுத்த மெல்லிய பொன்னிறக் கோடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு மாதம் கழித்து ஒரு செருப்பு டப்பாவோடு வந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் விமானம், ஒரு சாண் நீளம்.

"இந்தக் கோடு போட்ட கை இதையும் செய்யும்" என்றார். தன் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் தானாக ஆடிக்கொண்டிருந்தன. "பாத்தீங்கல்ல? பாகத்தையெல்லாம் ஒட்டறதுக்குள்ளயே போதும் போதும்னு ஆயிடுச்சு. மீதிய நீங்கதான் பண்ணணும்."

அவர் பெட்டியில் பாகம் பாகமாக வாங்கியது ஆள் ஏற்றிப் போகிற விமானமாம். அவர் வேலை பார்த்தது அதே விமானத்தின் சரக்கு ஏற்றுகிற வகை. அதனால் பின்பக்கத்து ஜன்னல்களை எல்லாம் மூட வேண்டும். இடதுபக்க வால் அருகே பெரிய கதவு ஒன்றை வெட்ட வேண்டும். பிறகு பெயின்ட்.

"எல்லாத்தையும் இதுல வரைஞ்சு எழுதியிருக்கேன்" என்று இரண்டு தாள்களைக் கொடுத்தார். படங்கள் அழகாக இருந்தன. எழுத்து முழுக்க ஆங்கிலம். "இங்கிலீஷ் படிப்பீங்கல்ல?"

"படிப்பேங்க சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். தெரியாது என்றால் அவரே உட்கார்ந்து தமிழில் சொல்லியிருப்பார். கடையில் வேறு யாரும்கூட இல்லை. ஆனால் அவர் என் கையைப் பாராட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் என்னால் சின்னவனாக முடியவில்லை.

வீட்டில் என் மனைவி சிரித்தாள். "ஊர்ல இருக்கிற ஓட்டை வண்டியெல்லாம் முடிஞ்சிடுச்சா? இப்ப ஏரோப்ளேனுக்கு பட்டி பாக்க வந்துட்டாங்களா? பாத்துங்க, தும்மிட்டீங்கனா பறந்துடப் போவுது."

பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் எங்கள் பக்கம் வண்டி வராது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அன்று முழுக்க அந்த விமானத்தோடு உட்கார்ந்தேன். வெளியே ஆயிரம் ஆயிரம் கால்கள் நடக்கிற சத்தம். ஒவ்வொரு ஜன்னலும் உளுந்து அளவு. ஊதுவத்திக் குச்சி நுனியால் பட்டியைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். கதவை பிளேடால் வெட்டாமல், கீறிக் கீறி எடுத்தேன். அதற்கே ஒரு மத்தியானம் போயிற்று. அந்தக் கதவு சரியாக வந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு சின்ன வேலை நான் செய்ததே இல்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

சாருடைய நடுங்கும் கையால் ஒட்டியதால் மூட்டுகளில் பசை பிதுங்கியிருந்தது. அதைத் தேய்த்துச் சரி செய்தேன். தகடுகள் சேரும் இடம் மாதிரி உடம்பு முழுக்க மெல்லிய கோடுகள் ஓடின. எனக்கு அவை கீறலாகப் பட்டன. பட்டி பூசி நிரப்பினேன். இடது இறக்கைக்கு அடியில், அரிசி இரண்டை ஒட்டி வைத்த அளவில், கோணலாக ஏதோ ஒன்று மேடாக இருந்தது. தாளை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்துக்கு சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் மூன்று வரி எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார். வாடிக்கைக்காரர் அம்புக்குறி போட்டால் அது பழுது என்பதுதான் எனக்குத் தெரியும். இவ்வளவு அழுத்திப் போட்டிருக்கிறாரே, அவருக்கும் இது உறுத்தியிருக்கிறது என்று நினைத்தேன். தேய்த்தேன். உப்புத்தாளில் சாம்பல் தூளோடு ஏதோ பளபளவென்று வந்தது. மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகடு மாதிரி. ஒரு நிமிடம் கை நின்றது. பிறகு பட்டி பூசி, மறுபடி தேய்த்து, பெயின்ட் அடித்து, மெருகும் போட்டுவிட்டேன். முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது.

அடுத்த வாரம் வேங்கிக்காலுக்குக் கொண்டுபோனேன். சாரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். சார் கதவைப் பார்த்துவிட்டு, "ஏய், இங்க வந்து பாரேன், அப்படியே அந்தக் கதவு!" என்று அவரைக் கூப்பிட்டார். வழவழப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் ஜாஸ்தியா மின்னுது என்றார், அவ்வளவுதான். பிறகு விமானத்தைத் திருப்பினார். இரண்டு முறை திருப்பினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இங்க ஒரு ஒட்டு இருந்திச்சே."

நான் காபியைக் கையில் எடுத்தேன்.

"இடது இறக்கைக்கு அடியில. தகட்டுல வெட்டி, ஊசியால குத்தி குத்தி ஒட்டியிருந்தேனே. எங்க அது?"

"நான் வாங்கினப்போ அப்படி ஒண்ணும் இல்லீங்க சார்."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் அடங்காத அவமானம். உண்மையைச் சொன்னால், அவ்வளவு பெரிதாக எழுதியிருந்ததை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார். படிக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டிவரும். அதற்காகத்தான்.

"நல்லா ஞாபகம் இருக்குய்யா. ஒரு மாசம் ஆச்சு அதை ஒட்ட" என்றார் சார்.

அம்மா, அதாவது சாரின் மனைவி, சமாதானமாகச் சொன்னார்: "ஒட்டணும் ஒட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. ஒட்டியிருக்க மாட்டீங்க. போன வாரம் பாலை அடுப்புல வச்சுட்டு வாக்கிங் போயிட்டீங்களே, அந்த மாதிரிதான்."

சார் மேஜையில் தன் விரல்களை விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். முழுவதும் குடித்தேன்.

வீட்டில் கல்லூரிக்குப் போகும் என் மகளிடம் அந்தத் தாளை நீட்டி, சிவப்பு மையில் இருப்பதை மட்டும் படிக்கச் சொன்னேன்.

"இதைத் தொட வேண்டாம்னு போட்டிருக்குப்பா. நானும் என் சிநேகிதனும் நெஜ விமானத்துல, மலை மேல ஓடுதளத்துல கல்லு கிழிச்ச இடத்துல போட்ட ஒட்டு இது. பெயின்ட் அடிக்காம வெறும் தகடாவே விடவும். அவ்ளோதான்" என்று படித்தவள், "ஆமா, இத்த இன்னா பண்ண நீ?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல."

தாளை மடித்துக் கடையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். நான்கு மாதம் அது அங்கேயே இருந்தது.

நான்காவது மாதம் அம்மா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. சார் எப்படி இருக்கிறார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எதையும் நம்ப மாட்டேன்றாரு தம்பி. கதவைப் பூட்டினா நாலு தடவை போய் இழுத்துப் பாக்கறாரு. குளிச்சுட்டு வந்து, நான் குளிச்சேனான்னு என்னைக் கேக்கறாரு. பெங்களூர்ல இருக்கிற அவர் ஏர்போர்ஸ் பிரெண்டுகிட்ட வாரம் தவறாம போன் பேசுவாரு, இப்ப அதுவும் இல்ல. ஏதாவது தப்பா சொல்லிடுவேன்றாரு. எல்லாம் அந்த ஏரோப்ளேன்லதான் ஆரம்பிச்சுது. ஒட்டாததை ஒட்டினேன்னு நெனச்சேனே, அப்ப வேற எதெல்லாம் நான் பண்ணவே இல்லையோன்னு ராத்திரியெல்லாம் பொலம்பறாரு."

நான் கண்ணாடியை மாட்டிக்கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டியது இல்லை, சாரிடம்தான் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். பிறகு மூன்று முறை வேங்கிக்கால் வரை போய், கலெக்டர் ஆபீஸ் எதிரில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். நான்காவது முறை போனேன்.

சார் வராண்டாவில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

"சார், அந்த ஒட்டு இருந்திச்சுங்க. நான்தான் தேய்ச்சு எடுத்துட்டேன். பழுதுன்னு நெனச்சிட்டேன். அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் எழுந்து உள்ளே போய் விமானத்தை எடுத்துவந்தார். "எந்த இடம்?" என்றார். விரலால் தொட்டுக் காட்டினேன்.

"தெளிவா எழுதியிருந்தேனே?"

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுங்க சார்."

"அது ஒரு தப்பாய்யா? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? நாலு மாசம்! என் மூளை போச்சுன்னு நான் நாலு மாசமா..." பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏய், கேட்டியா? ஒட்டினேன்டீ! நான் ஒட்டினேன்!"

அவர் திட்டியதைத் தாங்கிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தைத்தான் தாங்க முடியவில்லை.

"மறுபடி ஒட்டிக் குடுத்துடறேன் சார், அதே மாதிரி" என்றேன்.

"நீ ஒட்டினா அது உன் ஒட்டு. போ, முதல்ல இங்கிருந்து போ."

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு வாரம் கழித்து சாரிடமிருந்து போன் வந்தது. குரல் மரியாதையாக இருந்தது. "ஒரு சின்ன சந்தேகங்க. அந்த இடது இறக்கைக்கு அடியில ஒரு ஒட்டு இருந்திச்சா இல்லையா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

நான் மறுபடி சொன்னேன். தேய்த்ததையும் பொய் சொன்னதையும். அவர் மறுபடி முதல் முறை கேட்பதுபோலக் கோபப்பட்டார், மறுபடி "ஒட்டினேன்" என்று சந்தோஷப்பட்டார். அதற்கடுத்த வாரமும் அதே. இப்படி ஐந்து முறை ஆயிற்று.

அம்மா கடைக்கு வந்தார். டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டாராம், மறதி நோய்தான், கொஞ்ச நாளாகவே இருந்திருக்கிறது என்று. "உங்களால வந்ததில்ல தம்பி, மனசுல வச்சுக்காதீங்க. ஆனா அந்த ஒட்டு விஷயத்துல அவர் கரெக்டா இருந்தாரு. நான்தான் நம்பல. நான் சொன்னா இப்ப அவர் நம்ப மாட்டேன்றாரு, 'நீ சும்மா என்னை சமாதானப்படுத்தறே'ன்றாரு. நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க. கேக்கறப்பல்லாம் காட்டிடறேன். தமிழ்லயே எழுதுங்க, போதும். தேதி போடுங்க. இல்லன்னா இது எப்ப எழுதினதுன்னு அதுக்கு ஒரு தடவை கேப்பாரு."

என்னால் இல்லை என்று அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. நோய் வேறு. ஆனால் அவருக்குத் தெளிவு மிச்சமிருந்த மாதங்களில் நான்கை நான் எடுத்துக்கொண்டேன். போனில் சொல்கிற வேலை இனி எனக்கு இல்லை என்றதும் ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அதற்கும் வெட்கப்படுகிறேன்.

நான்கு வரிதான் வேண்டும். ஆறு வாரம் எழுதவில்லை. பேனாவை எடுத்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், மேலே உள்ள இவ்வளவையும் எழுதிப் பார்த்தேன். இது என்னிடம் இருக்கட்டும். அம்மாவிடம் கொடுக்கப் போகும் தாளில் இருப்பது இது:

சார், இடது இறக்கைக்கு அடியில் ஒட்டு இருந்தது. நீங்கள் உங்கள் கையால் ஒட்டியது. அதைத் தேய்த்து எடுத்தவன் நான், இல்லை என்று பொய் சொன்னவனும் நான். உங்கள் ஞாபகம் சரி.

ஆவணி மாதம் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.