எடை மேடைக்காரியின் எடை

எடை மேடையில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாள் சந்தேகப்படக் கற்றுத்தருவார்கள். கணினியைத் தொட விடுவது இரண்டாம் நாள்தான்.

பதினாறு வருடமாகச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் வாசலில், கண்ணாடி சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பழக்குலை ஏற்றி வரும் லாரிகள் என் மேடைமேல் ஏறி நிற்கும். எடை வெளியே ஒரு பெரிய பலகையில் சிவப்பு எண்ணாக எரியும். ஓட்டுநர்களுக்கு நான் 'டிம்பாங் அக்கா'. மலாயில் டிம்பாங் என்றால் நிறுப்பது. குலைமேல் தண்ணீர் அடித்துக்கொண்டு வருகிறவன், அடியில் மண்ணைப் பரப்பி மறைக்கிறவன், நிறுக்கும்போது மட்டும் கூட ஒரு ஆளை உள்ளே படுக்கவைக்கிறவன் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. வானம் இடிந்து விழுந்தாலும், அது எத்தனை கிலோ என்று கேட்கிற புத்தி வந்துவிட்டது.

இப்படிப்பட்ட நான் போன வருடம் வயிற்றைச் சுருக்கும் ஆப்பரேஷன் செய்துகொண்டேன். வயிற்றையும் வெட்டிக்கொடுத்து, எடையும் இறங்காமல், டாக்டரிடம் வசவும் வாங்குகிற ஜீவன்கள் என்னைப்போல இன்னும் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது. ஒல்லியானவர்கள் படித்துச் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பத்துப் பத்தாகப் பேசும் பலகை

வீட்டில் இருக்கும் எடைக்கருவியை நான் நம்புவதில்லை. குளியலறை வாசலில் ஒரு எண், கூடத்தில் ஒரு எண், சமையலறைத் தரையில் இன்னொன்று. என் எடை எவ்வளவு என்று யாருக்கும் சொன்னதும் இல்லை. ஆப்பரேஷனுக்கு முன் நூற்று இருபத்தாறு. உங்களிடம் சொல்வதில் வெட்கமில்லை, நீங்களும் அந்தப் பக்கத்து ஆட்கள்தானே.

ஆகவே காலையில் முதல் லாரி வருமுன் நானே போய் மேடையில் நிற்பேன். பலகையைப் பார்த்துக்கொண்டு, காவலர் வருவதற்குள் இறங்கிவிடுவேன். டன் கணக்கில் நிறுப்பதற்காகக் கட்டிய மேடை அது. பத்து கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. முதலில் 130 என்றது. ஆப்பரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது 120. நான்காம் மாதம் 110. அப்புறம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கைப்பேசிக் குழுவில் என்னோடு ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள் தொளதொள கால்சட்டையோடு படம் போடுவார்கள். நான் படத்தைப் பெரிதாக்கி, யார் வயிற்றை எக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று தேடுவேன்.

ஒருநாள் வீட்டுக் கருவியைக் கவிழ்த்துப்போட்டு அதன் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் குணா, சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அது வெயிட் பாக்கற மெஷின்மா. லாரி இல்ல, ரெண்டு சுத்து சுத்தி டயர உதைக்கறதுக்கு."

திறக்காத நோட்டு

என் டாக்டர் இருக்கும் இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே குளிர்சாதனம் நன்றாக வேலை செய்யும், அதுவரை சொல்லலாம்.

ஏழாம் மாதம் போனபோது என் சாப்பாட்டு நோட்டைக் கொண்டுபோனேன். தொழில் பழக்கம், எல்லாவற்றையும் நிறுத்து நேரத்தோடு எழுதியிருந்தேன். காலை ஏழு மணிக்கு முட்டை ஒன்று. பத்து மணிக்கு ஆறு கரண்டி பருப்பு, கரண்டி என்றால் டீக்கரண்டி. மதியம் உள்ளங்கையளவு மீன், இரண்டு வாய் கீரை. டாக்டர் நோட்டைத் திறக்கவில்லை. அதன்மேல் தன் பேனாவை வைத்துக்கொண்டார். நூற்றுப் பன்னிரண்டு, போன தடவையும் இதேதான் என்றார். மறைத்துச் சாப்பிடுவது ஐஸ்கிரீமா, பாலும் சீனியும் போட்ட தே தாரிக்கா என்று கேட்டார். சீனியும் பாலும் இல்லாத தேநீர் தவிர எதுவும் குடிப்பதில்லை என்றேன். ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வழியில் மழை, அதனால்தான் குலை நனைந்துவிட்டது என்று ஓட்டுநர் சொல்லும்போது நான் சிரிப்பது.

பிறகு கணினியில் தட்டினார். அடுத்தவர் திரையைப் பக்கவாட்டில் படிப்பது என் பிழைப்பு. 'சொன்னபடி நடப்பதில்லை, மறைவாகச் சாப்பிடுவதாகச் சந்தேகம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அடுத்த தடவையும் இப்படியே வந்தால் என்னைத் தான் பார்ப்பதில் பிரயோசனமில்லை, பக்கத்துக் கிளினிக்கில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு இருந்துவிடலாம் என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மூட்டுவலியும் சர்க்கரையும் குறையும் என்றுதானே வயிற்றைக் கொடுத்தேன். நான் எதையும் மறைக்கவில்லை டாக்டர் என்று மறுபடி சொன்னேன். எழுந்திருக்கும்போது அவர் சொன்னது:

"வயித்த நான் சின்னதாக்கிக் குடுத்துட்டேன். வாய யாரு சின்னதாக்கறது?"

இலையில் இரண்டு கண்

மம்பாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் அன்னதானம். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து, கொஞ்சம் சோறும் பருப்பும் மட்டும் வாங்கினேன். எதிர்வரிசையில் நாத்தனார் லெட்சுமி. தன் இலையைப் பார்க்காமல் என் இலையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். ஆப்பரேஷன் விஷயத்தை அவளிடம் யார் சொன்னது? குணாவைத்தான் சந்தேகப்பட்டேன், இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

நாலு வாய்க்குமேல் இறங்காது. மீதியை மூடிவிட்டு எழுந்தேன். கை கழுவுமிடத்தில் லெட்சுமி பக்கத்தில் வந்து நின்று, ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்.

"இங்க இவ்ளோதான்னா, வீட்டுல எவ்ளோ அண்ணி?"

மணியம் அண்ணன் லாரி

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

குலைகளை முதலில் தோட்டத்தில் நிறுத்துச் சீட்டுக் கொடுப்பார்கள், பிறகு ஆலையில் நான் நிறுப்பேன். இரண்டும் ஒத்துவரவேண்டும். மணியம் அண்ணன் என் அப்பாவோடு தோட்டத்தில் வேலை பார்த்தவர், ஐம்பத்தெட்டு வயது. மூன்று வாரமாக அவர் லாரி மட்டும் நூறு, நூற்றைம்பது கிலோ குறைந்தே வந்தது. மற்ற லாரிகள் எல்லாம் சரி. வழியில் குலையை இறக்கி விற்கிறார் என்பதைத் தவிர வேறென்ன நினைப்பது? கேட்டேன். எங்கேயும் நிறுத்தவில்லை என்றார். நான் அந்தச் சிரிப்பைச் சிரித்துவிட்டு, குறிப்புக் கட்டத்தில் 'சந்தேகம்' என்று தட்டினேன்.

மேலாளர் பெர்னார்ட் அவரைக் குலை ஏற்றுவதிலிருந்து எடுத்து, தோட்டத்துக்குள் உரமூட்டை சுமக்கும் வண்டியில் போட்டார். ஒரு வாரத்தில் காப்பிக்கடையில் அவருக்குப் 'பழத் திருடன்' என்று பெயர் வந்துவிட்டது. ஒருநாள் சட்டையெல்லாம் உரத்தூளோடு வந்து என் சன்னலுக்கு வெளியே நின்றார். சத்தம் போடவில்லை.

"வழியில நிக்கலன்னு நான் சொன்னா நம்ப மாட்ட. லாரி வாயத் தொறந்து சொன்னாத்தான் நம்புவியா தங்கச்சி?"

தொண்ணூறு

அதற்கடுத்த வாரம் ஒரு காலை. ராத்திரி பெய்த மழையில் மேடை நடுவில் தண்ணீர் தேங்கியிருந்தது. சப்பாத்து நனையுமே என்று வழக்கமான இடத்தை விட்டு மேடையின் கடைசி ஓரத்தில் நின்றேன். பலகையில் 90.

என் மனசு எப்படித் துள்ளியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் நினைத்தது கடவுளை இல்லை, டாக்டர் முகத்தை. அங்கேயே நின்று குணாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பேசிக்கொண்டே அறைப்பக்கம் நடந்தேன், தண்ணீருக்குள் இறங்கி. நிமிர்ந்து பார்த்தால் 110. ஓரத்துக்கு ஓடினேன், 90. நடுவுக்கு வந்தேன், 110. பத்தடி நடப்பதற்குள் இருபது கிலோ ஏறி இறங்குகிற உடம்பு எந்த ஊரிலும் கிடையாது. முழங்கால் வலிக்க வலிக்கக் குனிந்து, போன் வெளிச்சத்தில் இடுக்கைப் பார்த்தேன். மேடையின் இரும்புத் தகட்டுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் உதிர்ந்த பழமும் மண்ணும் கெட்டித்துப்போய்க் கிடந்தன. மேடை அந்த ஓரத்தில் அதன்மேல் சாய்ந்துகொண்டு, பாரத்தில் கொஞ்சத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

மற்ற லாரிகள் நடுவில் நிற்கும். மணியம் அண்ணன் லாரிதான் நீளம். அதன் பின்சக்கரம் ஏறி நிற்பது சரியாக அந்த ஓரத்தில். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. போன் இன்னும் காதில்தான் இருந்தது. தொண்ணூறு இல்லை, நூற்றுப்பத்துதான், மேடையில் கோளாறு என்றேன். குணா மெதுவாகச் சொன்னார்.

"பரவால்லமா. நூத்திப்பத்தாவே வீட்டுக்கு வா."

ஒரு ஆள் என்றால் எவ்வளவு?

பெர்னார்டிடம் ஓடினேன். இடுக்கைச் சுத்தம் செய்து மறுபடி நிறுத்தால் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் மணியம் அண்ணனை விடுவிக்கத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போகவேண்டும், அதன் நகலை ஓட்டுநர் அறையிலும் ஒட்டவேண்டும். 'ஒரு ஆள் மேடையில் நின்று பார்த்ததில் கோளாறு தெரிந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். பெர்னார்ட் அதைத் திருப்பித் தந்தார். யார் நின்றது, உண்மையான எடை எவ்வளவு, பலகை காட்டியது எவ்வளவு என்று இல்லாவிட்டால் யாரும் ஏற்கமாட்டார்கள் என்றார்.

அரைமணி நேரம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடப் படுத்த மனுஷனுக்கே இப்போதுதான் சொன்ன எண், நாற்பது ஓட்டுநர்கள் படிக்கும் சுவரில். யாராவது ஒல்லியான ஆளை நிற்கவைத்து மறுபடி செய்துபார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் இடுக்கைத்தான் சுத்தம் செய்தாயிற்றே. சன்னலுக்கு வெளியே உரத்தூளோடு நின்ற முகம் ஞாபகம் வந்தது. என் பெயரை எழுதி, நடுவில் 110, ஓரத்தில் 90 என்று தட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு அந்தச் 'சந்தேகம்' என்ற சொல்லையும் அழித்துவிடுங்கள் என்று பெர்னார்டிடம் கேட்டேன். அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"சிஸ்டம்ல ஏறினத அழிக்க முடியாதும்மா. கீழ சேத்து எழுதத்தான் முடியும்."

கீழே ஒரு வரி

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போனபோதும் 112. எடை பார்த்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், இளவயசுத் தமிழ்ப்பெண். அவளிடம் மேடைக் கதையைச் சொன்னேன். சிரித்தவள், சட்டென்று சிரிப்பை நிறுத்தி, தைராய்டுக்கு ரத்தம் எப்போது எடுத்தார்கள் என்று கேட்டாள். ஆப்பரேஷனுக்கு முன்னால் எடுத்தது, அப்புறம் யாரும் பார்க்கவில்லை. நீங்களே கேளுங்கள் அக்கா, நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள் என்றாள்.

உள்ளே போய்க் கேட்டேன். தேவையில்லை என்றார் டாக்டர். முன்பு நீங்கள் எழுதியதை அழிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அதற்குக் கீழே 'நோயாளி ரத்தப் பரிசோதனை கேட்டார், நான் மறுத்தேன்' என்று ஒரு வரி சேருங்கள் போதும் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சீட்டு எழுதினார்.

தைராய்டு சோம்பிப்போயிருந்தது. மாத்திரை கொடுத்தார். கீழே 'தைராய்டு குறைவு' என்று ஒரு வரி தட்டியதையும் பக்கவாட்டில் படித்துவிட்டேன். மன்னிப்பு எதிர்பார்த்தீர்களா? நானும்தான். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"இது ஒரு காரணமா இருக்கலாம். ஆனா இது மட்டும்னு சொல்ல முடியாது."

நாலு மூலை

மணியம் அண்ணன் குலை லாரிக்கே திரும்பிவிட்டார். மன்னிப்புக் கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினார். இப்போது மேடை ஏறுமுன் இறங்கி வந்து, ஒரு குச்சியால் இடுக்கையெல்லாம் குத்திப் பார்த்த பிறகே லாரியை ஏற்றுகிறார். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தாலும் கவலைப்படுவதில்லை. ஓட்டுநர் அறைச் சுவரில் என் 110 இன்னும் ஒட்டியிருக்கிறது. ஒருவரும் அதைப் பற்றி வாய்திறக்கவில்லை, அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நடுவில் நின்றேன். பலகையில் 100. மாத்திரையா, சாயங்கால நடையா தெரியாது, எதையும் முழுசாக நம்புகிற பழக்கம் எனக்கில்லை. திரும்பினால், வாசலில் முதல் லாரி. மணியம் அண்ணன் எப்போதோ வந்து, கதவில் கையூன்றிப் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

"நடுவுல நின்னது சரி தங்கச்சி. நாலு மூலையிலயும் நின்னு காட்டு, அப்பறம் நம்பறேன்லா."

நின்று காட்டினேன்; என்னைச் சந்தேகப்பட்டவர்கள் ஒரு லாரி கொள்ளுமளவுக்கு உண்டு, அதைச் சரிபார்க்க வழியையும் சேர்த்துச் சொன்னவர் நான் சந்தேகப்பட்ட அந்த ஒரு மனிதர்தான்.