முழங்காலில் இரண்டு வெள்ளைக் கோடுகள்

என் மகளுக்கு முதலில் வந்தது வயிற்றுவலி. அதற்கு முன்பே முகம் வெளுத்திருந்தது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். நாங்கள் அதைப் பிடிவாதம் என்று எண்ணினோம். அடியும் போட்டோம்.

உங்கள் பிள்ளை சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, காரணமில்லாமல் அழுது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால் அடிக்காதீர்கள். இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஈயம் இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். மருத்துவர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். நான் எழுத்துக்காரி அல்ல. இதைச் சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்தது மூன்று வருடத்துக்கு முன், எழுபத்தைந்தில். அதற்கு முன் நாலு வருடம் ஸாம்பியாவில் ஒரு ஈயச் சுரங்க ஊரில் இருந்தோம். என் கணவர் அங்கே சுரங்கத்துக்குள் அளவெடுக்கும் நில அளவையாளர். சுகந்தியைக் கைக்குழந்தையாகக் கொண்டுபோனோம். யாழ்ப்பாணத்திலிருந்து போன குடும்பங்கள் அங்கே மூன்று. கம்பனி எங்களுக்கு ஒரே வரிசையில் வீடு தந்தது. முன்னால் புல், பின்னால் பெரிய முற்றம். தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் குறையில்லை. சனிக்கிழமை கிளப்பில் படம் போடுவார்கள். பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் கிடைக்கும். நல்ல வாழ்க்கை என்றுதான் ஊருக்கு எழுதினோம்.

பின்னேரம் இரண்டு மணிக்கு நிலத்துக்கு அடியில் வெடி வைப்பார்கள். அலுமாரியில் கோப்பைகள் ஒருமுறை கிணுகிணுக்கும். பிள்ளைகள் பகல் நித்திரையால் எழும்புவது அந்தச் சத்தத்தில்தான். எங்கள் வரிசைக்குப் பின்னால் உருக்காலையின் புகைபோக்கி நின்றது. அதற்கு அருகே சுரங்கக் கழிவு சாம்பல் நிறத்தில் மலைபோலக் குவிந்து கிடந்தது. பிள்ளைகள் அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் இருந்துகொண்டு அந்த மலையில் சறுக்கினார்கள். யாரும் தடுக்கவில்லை. மேலதிகாரிகளின் வீடுகள் ஊரின் மற்றப் பக்கம் இருந்தன. காற்று அந்தப் பக்கம் வீசுவதில்லை.

அங்கே மழை ஓய்ந்தால் மாதக்கணக்கில் ஒரு துளி விழாது. அப்படி வெயில் கிடைத்தால் எங்கள் பெண்கள் சும்மா இருப்பார்களா? உழுந்து வடகம், மோர்மிளகாய், பாவற்காய் வற்றல் எல்லாம் பாயில் பரப்பி முற்றத்தில் நாட்கணக்காகக் காய வைத்தோம். அடுத்த வீட்டுத் தவமணி அக்கா இதில் கைதேர்ந்தவர். அவருடைய கணவர் கம்பனிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மூன்று வீட்டுக்கும் வேண்டிய வடகத்தை அவரே பிழிந்து காய வைத்து, பிஸ்கட் தகரங்களில் அடைத்துத் தருவார்.

ஒருநாள் அதிகாரி ஒருவரின் மனைவி அந்த வழியாக வந்தாள். சாப்பாட்டுச் சாமானை முற்றத்தில் போட வேண்டாம் என்றாள். தங்கள் வீட்டில் உடுப்பைக்கூட உள்ளேதான் காயப் போடுவதாகச் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை.

அவள் போனதும் தவமணி அக்கா பாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "வெள்ளைக்காரிக்கு வெயிலும் ஊத்தையாம்."

எல்லோரும் சிரித்தோம். வெயில் பட்டது சுத்தம் என்பது எங்களுக்கு வேதம். பாயில் இருந்த மெல்லிய சாம்பல் தூசியை முந்தானையால் தட்டிவிட்டு வடகத்தை அள்ளினோம்.

சுகந்தியின் வயிற்றுவலிக்குக் கம்பனி மருத்துவர் பூச்சி மருந்து தந்தார். பிறகு இரும்புச்சத்துத் தண்ணி மருந்து தந்தார். காலநிலை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஈயச் சுரங்கத்தின் மருத்துவர் அவர். அந்த வார்த்தை ஒருமுறைகூட அவர் வாயில் வரவில்லை.

மெல்பேர்ணில் கிளேட்டன் பக்கம் ஒரு பழைய மரவீட்டை வாடகைக்கு எடுத்தோம். வந்த சில வாரங்களில், ஒரு காலை, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்த பிள்ளை சரிந்து விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை. அப்போது அவளுக்கு ஐந்து வயது.

மருத்துவமனை நடைபாதையில் ஒரு வயதான மருத்துவர் எங்களிடம் வந்தார். எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள், அங்கே என்ன வேலை என்று கேட்டார்.

"சுரங்கம்" என்றார் என் கணவர்.

"என்ன தோண்டினீர்கள்?"

"ஈயம்."

மருத்துவர் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். மேலே ஒன்றும் கேட்காமல் திரும்பி உள்ளே போனார். ஓட்டமும் நடையுமாகப் போன அவருக்குப் பின்னால் நானும் ஓடினேன்.

இரத்தத்தில் ஈயம் மிக அதிகம் என்றார்கள். மூளை வீங்கத் தொடங்கியிருந்தது. முழங்கால் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். எலும்பு முனையில் வெள்ளையாக ஒரு கோடு. அது ஈயக் கோடு (பிள்ளை வளரும் காலத்தில் உடம்பில் ஈயம் இருந்தால் எலும்பு வளரும் இடத்தில் விழும் அடையாளம்). சுண்ணாம்பால் இழுத்ததுபோல அவ்வளவு தெளிவாக இருந்தது.

கீலேசன் (உடம்பிலுள்ள உலோகத்தை மருந்தால் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் சிகிச்சை) தொடங்கினார்கள். ஊசியைத் தொடைச் சதைக்குள் ஆழமாகப் போட வேண்டும். தாதி வண்டிலைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் கேட்டாலே பிள்ளை கட்டிலின் மூலைக்கு ஒதுங்குவாள்.

"அம்மா, நான் இனிக் குழப்படி செய்யமாட்டன். ஊசி வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

தன்னைத் தண்டிக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். அதுவரை அடித்தது நாங்கள்தானே. நான் அவளுடைய காலைப் பிடித்துக்கொடுத்தேன். உங்களையும் பிடிக்கச் சொல்வார்கள். பிடியுங்கள். தகப்பன் நடைபாதையில் நின்றார்.

ஈயம் இறங்கியது. வலிப்பு நின்றது. தன் பெயரை எழுதத் தெரிந்த பிள்ளை முதல் எழுத்திலேயே பென்சிலை வைத்துக்கொண்டு இருந்தாள். ஆனாலும் வீட்டுக்கு விட்டார்கள். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. மாதங்கள் கழித்து வயிற்றுவலி திரும்ப வந்தது. இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. புதுப் படத்தில் பழைய கோடு முழங்காலை விட்டுச் சற்று மேலே போயிருந்தது. எலும்பு வளர்ந்த அளவுக்கு அதுவும் நகர்ந்திருந்தது. அதற்குக் கீழே, எலும்பின் முனையில், இன்னொரு கோடு. மெல்லியது. புதிது.

"இது ஆபிரிக்காவில் வந்ததல்ல. இங்கே வந்தது. உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது" என்றார் மருத்துவர்.

பழைய வீட்டுச் சுவரில் ஈயம் கலந்த பெயின்ற் இருக்கும், பிள்ளை அதைச் சுரண்டித் தின்றிருப்பாள் என்றார்கள். வீடு மாறினோம். செங்கல் வீடு, புதுச் சுவர். அங்கேயும் ஈயம் ஏறியது. நான் பிள்ளையைச் சரியாகப் பார்ப்பதில்லை என்று ஒரு தாதி என் காதுபடச் சொன்னாள். இன்னொரு முறை வலிப்பு வந்தால் மூளை தாங்காது என்று மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார். நான் பிள்ளைக்குப் பின்னால் அறை அறையாகத் திரிந்தேன். சுவரை முகர்ந்து பார்த்தேன். கதவுப் பிடியை நக்கியும் பார்த்தேன்.

பிறகு எங்கள் இரண்டு பேரின் இரத்தத்தையும் எடுத்தார்கள். நாலு வருடம் சுரங்கத்துக்குள் போய் வந்தவருக்கு ஈயம் குறைவாக இருந்தது. வீட்டிலிருந்து சமைத்த எனக்கு அவரைவிடப் பலமடங்கு இருந்தது.

அவருக்கு ஏன் குறைவு என்பது அன்றே விளங்கியது. சுரங்கத்தில் வேலை முடிந்தால் குளிக்காமல் வெளியே விடமாட்டார்கள். உடுப்பை அங்கேயே தோய்ப்பார்கள். ஈயத்தை முறிக்கும் என்று குடிக்கப் பாலும் கொடுப்பார்கள். உழைக்கிறவனைக் காப்பாற்றக் கம்பனிக்குத் தெரிந்திருக்கிறது. அவனுடைய பிள்ளைக்கு வீட்டு வரிசையைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்தார்கள்.

"நீங்களும் மகளும் சாப்பிட்டு, இவர் சாப்பிடாதது ஏதாவது உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எல்லோருக்கும் ஒரே சட்டி.

அடுத்த ஞாயிறு சோற்றுக்கு வடகம் பொரித்தேன். சுகந்தி சூட்டோடு சூடாக இரண்டை எடுத்து வாயில் போட்டாள். அவளுக்குச் சோற்றைவிட வடகம் பெரிது. நான் தட்டைக் கணவர் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்கு வேண்டாம். தெரியும்தானே" என்றார். அவருக்குக் குடற்புண். பொரித்தது எதையும் தொடமாட்டார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான்.

நான் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். அவள் வீறிட்டு அழுதாள்.

"இஞ்சேரும், என்ன செய்யிறீர்?" என்று அவர் எழும்பினார்.

"வடகம். தவமணி அக்கான்ர வடகம்."

தகரத்தைத் தூக்கிக்கொண்டு மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். அது மூன்றாவது தகரம். முதலாவதை நாங்கள் பெட்டிக்குள் உடுப்போடு வைத்துக் கொண்டுவந்தோம். பிறகு அந்த ஊரிலிருந்து இந்தப் பக்கம் யார் வந்தாலும், அக்கா எங்களுக்கென்று ஒன்று கொடுத்துவிடுவார். சுங்கத்தில் ஒருவரும் பிடிபடவில்லை. பிடித்து எறிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வடகத்தில் ஈயம் என்று சோதனைக்கூடத்தின் பதில் வந்ததும் மருத்துவர் என்னை அழைத்து, இந்த உணவு எங்கே காய வைக்கப்பட்டது என்று கேட்டார். முற்றத்தையும் மலையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவ்வளவு காலமும் அவர் சுவரைத்தான் கேட்டார். அடுப்பைக் கேட்டது கடைசியில்தான்.

அக்காவுக்கு ஆள்மூலம் சொல்லி அனுப்பினேன். அவருக்குக் கோபம் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் அவர்களும் ஒஸ்திரேலியாவுக்கு வந்தார்கள். சிட்னியில் மெரிலேண்ட்ஸில் வீடு. ஒரு விடுமுறைக்கு எங்களைப் பார்க்க வந்தபோது அக்காவின் கையில் தகரம் இருந்தது.

"இந்தா, உனக்கெண்டுதான் அங்கையிருந்து கொண்டு வந்தனான். இஞ்சத்தைய வெயிலில ஒரு மண்ணும் காயாது."

"அக்கா, அதைக் குப்பையில போடுங்கோ. சொல்லி அனுப்பினனான்தானே."

"உன்ர பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லையெண்டால் என்ர வடகமோ குற்றம்? நாங்கள் முழுப்பேரும் திண்டுபோட்டுக் கல்லுமாதிரித்தான் நிக்கிறம்."

"பாவம், தூக்கிக்கொண்டு வந்திருக்கிறா. வாங்கி வையுமன்" என்றார் என் கணவர் மெதுவாக. அவர் எப்போதும் இப்படித்தான். மனம் நோகக்கூடாது. உயிர் போகலாம்.

அப்போது அக்காவின் இளைய மகள் வாணி முன்னறையிலிருந்து குசினிக்கு வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் வலது பாதம் பட், பட் என்று தரையில் அடித்தது.

"வாணி ஏன் காலை அடிச்சு அடிச்சு நடக்கிறாள்?"

"அது செருப்பு. புதுசு, இன்னும் பழகேல்லை. அதோட சோம்பலும்."

"பிள்ளை வெறுங்காலோட நிக்கிறாள், அக்கா."

எல்லோரும் வாணியின் காலைப் பார்த்தோம். தவமணி அக்கா கதிரையில் இருந்துவிட்டார். தகரம் மடியில் இருந்தது. அதன் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார், ஏதோ வெளியே வந்துவிடும் என்பதுபோல.

அது பாதத் தொய்வு (நரம்பு பழுதாகி முன்பாதத்தைத் தூக்க முடியாமல் போவது). நான்தான் அவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். வாணி இன்று இரும்புச் சட்டம் பூட்டி நடக்கிறாள். மூன்றாவது குடும்பம் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறது. சம்பளம் நல்லது என்கிறார்கள்.

சுகந்திக்கு இப்போது எட்டு வயது. இரத்தத்தில் ஈயம் இறங்கிவிட்டது. எழுதுகிறாள், வாசிக்கிறாள், மற்றப் பிள்ளைகளைவிட மெதுவாக. சுகம் என்று மருத்துவமனையில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் ஈயம் எலும்பில் தங்கும். இருபது முப்பது வருடம் கிடக்கும். வயிற்றில் பிள்ளை உருவாகும்போது தாயின் எலும்பு சுண்ணாம்புச்சத்தைக் கொடுக்கும். அதோடு ஈயமும் புறப்பட்டுப் போகலாம் என்கிறார் மருத்துவர். நான் இன்னொரு பிள்ளை பெற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மகளுக்கு அதை எந்த வயதில் சொல்வது என்று அவர் சொல்லவில்லை.

மற்றத் தாய்மார் பிள்ளையின் உயரத்தைக் கதவு நிலையில் கீறி வைக்கிறார்கள். நான் படங்களில் பார்க்கிறேன். இரண்டு கோடுகளும் முழங்காலை விட்டு மேலே போய்க்கொண்டிருக்கின்றன. மங்குகின்றன. மங்கினால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒன்று அந்த முற்றம். மற்றது என் குசினி.

இந்த வீட்டில் பின்னேரம் இரண்டு மணிக்குக் கோப்பைகள் கிணுகிணுப்பதில்லை. ஆனால் அந்த நேரம் வந்தால் என் உடம்பு அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கும். நேற்றுப் பள்ளிக்கூட விடுமுறை. சுகந்தி மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தவள் அந்த நேரத்தில் தலையை நிமிர்த்தினாள்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அம்மா."

தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். இரண்டு பாதமும் சத்தமில்லாமல் தரையில் படுகின்றனவா என்று கேட்டுக்கொண்டு இருந்தேன்.