தாலிக்கு வந்த சிரிப்பு

குன்னூரில் பழைய கல்யாணக் கேசட்டுகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டித் தருபவர் ஒருவர் இருக்கிறார். குரங்குக் குல்லாவோடு, கேசட் ஓடி முடியும்வரை எழுந்திருக்காமல் பார்ப்பார். இப்படியே அழைப்பில்லாமல் ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குப் போய்வந்துவிட்டார்.

எங்கள் கல்யாண வீடியோவைத் தரும்போது குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க, மூணு மணி நேரத்துல நீங்க ஒரே தடவைதான் சிரிச்சிருக்கீங்க. அதுவும் பந்தியில வடை வந்தப்போ. அந்தச் சிரிப்ப எடுத்துத் தாலி கட்டுற எடத்துல போட்டுட்டேனுங்க."

என் மனைவி அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாள். "எவ்வளவு சந்தோசம் பாருங்க உங்க மொகத்துல!" என்கிறாள். நான் தலையாட்டுகிறேன்.

மார்க்கெட்டில் அவர் எங்களைக் கண்டால் அவளிடம் குழந்தைகளைப் பற்றி விசாரிப்பார். என்னிடம் மட்டும், "வடை சாப்ட்டீங்களாங்க?" என்பார்.