யோசேப்பு அண்ணை உள்ளே கொண்டுபோகாத பார்சல்

செய்தி வந்தபோது என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அன்று காலை ஒரு பார்சல் வந்திருந்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒட்டியிருந்த நாடாவை வெட்டிக்கொண்டிருந்தேன். பார்சல் பிரிப்பதென்றால் இந்த வயதிலும் எனக்குத் திருவிழாதான். தொலைபேசியில் யோசேப்பு அண்ணையின் மனைவி ரீட்டா அக்கா. "தங்கச்சி, அண்ணை போயிட்டார்" என்றார். எந்த அண்ணை என்று நான் கேட்கவில்லை. வழக்கம்போல் விடியற்காலையில் பனி உறையாமலிருக்க வாசல் படிகளுக்கு உப்புத் தூவிவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டிருக்கிறார். அது ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அக்கா கேட்டார். அவருடைய பாட்டைப் பற்றியும், பீலெஃபெல்டில் அகதியாக வந்து இறங்கிய காலத்தைப் பற்றியும், உங்களில் பாதிப் பேருக்கு அவர் அந்த்ராக் என்ற விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுத்ததைப் பற்றியும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை நான் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு நான் பாரம் தூக்கும் இந்தியப் பிள்ளை. அது பொய். அந்தப் பொய்க்குக் காரணம் நான். அதைக் கடைசிவரை காப்பாற்றியவர் அவர்.

என் கணவர் அமெரிக்கப் படையில் இருக்கிறார். நான் திருநெல்வேலிக்காரி. பவேரியாவில், பெரிய பீரங்கிப் பயிற்சி மைதானத்தை ஒட்டிய அந்தச் சிற்றூரில், படைக் குடும்பங்களுக்காக ஒரு ஜெர்மன்காரரிடம் வாடகைக்கு எடுத்திருந்த பன்னிரண்டு வரிசை வீடுகளில் ஒன்றில் மூன்று ஆண்டுகள் இருந்தோம். யோசேப்பு அண்ணை அங்கே ஹவுஸ்மைஸ்டர். ஹீட்டர் பழுதானாலும் பனி வழிக்க வேண்டுமானாலும் அவர்தான். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது இந்த நாட்டு வழக்கம். எங்கள் பன்னிரண்டு வீட்டுக்கும் பக்கத்து வீடு முதல் வாசலில் இருந்த அவர் வீடுதான்.

கணவரை ஒன்பது மாதம் போலந்துக்கு அனுப்பியபோது, பேச்சுத்துணைக்காக ஊர்த் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தேன். முதல் நாளே ஐந்து தோட்டாவும் ஒரே இடத்தில்! குறி அட்டையைப் பார்த்த கிளப் தலைவர் ஹெர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எனக்குள் இப்படி ஒருத்தி இருந்தாள் என்று முப்பத்தாறு வயதில் தெரிந்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? சர்க்கரை வியாதிக்காரர் இனிப்பை மறைப்பதுபோல் குறி அட்டைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன்.

போட்டிக்குச் சுடுபவர்கள் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. பித்தளை உறை, ஈயக் குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் கேப் எல்லாம் வாங்கித் தாங்களே தயாரிப்பார்கள். அதற்கான பயிற்சி முடித்து உரிமமும் எடுத்தேன். வெடிமருந்தும் கேப்பும் படைக் குடியிருப்புக்குள் வரக்கூடாது. அவை கிளப்பின் இரும்பு அலமாரியில் இருந்தன. உறையும் குண்டும் வெறும் உலோகம் என்பதால் வீட்டுக்கு வரலாம். படைத் தபால் முகவரிக்கு ஜெர்மன் கடைக்காரர் அனுப்பமாட்டார். ஆகவே அவை கூரியரில் வந்தன, அதாவது யோசேப்பு அண்ணையிடம் வந்தன.

முதல் பெட்டியை அவர் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன தங்கச்சி, கல்லோ வாங்கினனீங்கள்?"

"இல்லண்ணா, ஸ்போர்ட்ஸ் ஐட்டம்தான்."

அவர் மன்னார்க்காரர். இருபது வயதில் எதிலிருந்து ஓடி வந்தார் என்பது எனக்குத் தெரியும். வாய் அதனால்தான் அப்படிச் சொன்னது. நான் பாரம் தூக்கிப் பயிற்சி செய்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அடுத்த தமிழ்ப் பூசையில் நீங்கள் எல்லோரும் என் கைகளையே பார்த்தீர்கள். ஒரு மாமி என் புஜத்தை அமுக்கிப் பார்த்து, "இன்னும் வடிவாச் சாப்பிடோணும்" என்றார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. யோசேப்பு அண்ணையோ என்னைவிட உற்சாகமாகிவிட்டார். கூரியர் வண்டி போனதும் போன் வரும்: "உங்கட பாரம் வந்திட்டுது!" வீட்டுச் செருப்போடு படியிறங்கி ஓடுவேன்.

நான்காவது பெட்டி அடியில் நனைந்திருந்தது. அவர் அதைத் தன் வீட்டு நடையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டியபோது அடி பிய்ந்துவிட்டது. நூறு பித்தளை உறைகள் ஓட்டுத் தரையில் கொட்டி, மாதா படத்துக்குக் கீழேயும் செருப்பு அடுக்குக்குள்ளும் உருண்டன. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, இது வெறும் உறை. உள்ள ஒண்ணுமே கிடையாது. வெடிக்காது அண்ணா."

"தெரியும். இந்தச் சத்தம் நான் கேட்டு முப்பத்தெட்டு வருசம், தங்கச்சி."

அந்த ஊரில் பீரங்கி தினமும் முழங்குகிறதே என்று அசட்டுத்தனமாக ஏதோ கேட்டுவைத்தேன். அவர் கோபப்படவில்லை. "அது தூரத்துச் சத்தம். இது காலடியில விழுற சத்தம்" என்றார். பிறகு இருவரும் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். பொறுக்கி முடித்ததும் சொன்னார்: "என்ன சாமான் எண்டு சொல்லித் தந்திருந்தால், ஏலும் ஏலாது எண்டு நான் அப்பவே சொல்லியிருப்பன். இனி இது என்ர வீட்டுக்குள்ள வர ஏலாது."

மறுநாள் என் வீட்டுக்கு வந்து, வெடிமருந்து வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். குடியிருப்பு விதித் தாளைக் காட்டினேன். அலமாரிகளையும் திறந்து காட்டினேன். "அடுத்த வீட்டில குழந்தைப் பிள்ளையள் இருக்கினம். அதுக்குத்தான் கேட்டனான்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வாசலில் பார்த்தால் அதே சிரிப்பு. பூசைக்குப் போனேன், எனக்குப் பாரம் தூக்குகிறவள் என்ற பெயர்தான் இன்னும் இருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் வெட்கமாக இருந்தது.

மார்ச் மாதம் எங்கள் நால்வர் அணி இறுதிப் போட்டிக்கு வந்தது! ஜெயித்தால் கிளப் மேல் பிரிவுக்குப் போகும். ஹெர்மன் பதினெட்டு வருடமாகக் காத்திருந்த நாள். சனிக்கிழமை காலை போட்டி. என் துப்பாக்கிக்குப் பழகிய குண்டு தீர்ந்துபோயிருந்தது. புதிய பெட்டி வெள்ளிக்கிழமை பிற்பகல் வரவேண்டும். கிளப்பை எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் தோட்டா தயாராகாவிட்டால் நான் அணியில் இல்லை, மூன்று பேரோடு எங்கள் அணியும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நியூரன்பெர்க்கில் பல் டாக்டரிடம் டெர்மின், முன்பே குறித்த நேரம். திரும்பும்போது பனி கொட்டியது. ஆட்டோபானில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. நான்கரை மணிக்குக் கூரியர் கம்பெனியின் செய்தி வந்தது: பத்து நிமிடத்தில் வருகிறோம், ஆள் இல்லாவிட்டால் திங்கட்கிழமை. போனில் யோசேப்பு அண்ணையின் பெயரை எடுத்தேன். விரல் அழுத்த மறுத்தது. வேண்டாம் என்று சொன்ன மனிதரிடம் எந்த முகத்தோடு கேட்பது? பாதி வாய் மரத்துப்போன நிலையில், காருக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஆறரைக்கு வீடு வந்து சேர்ந்தபோது, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பனியில் யாரோ நிற்பது கார் வெளிச்சத்தில் தெரிந்தது. யோசேப்பு அண்ணை. தொப்பியிலும் தோளிலும் வெள்ளை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி என் பெட்டி.

"அண்ணா! எப்ப இருந்து நிக்கிறீங்க?"

"அவன் கொண்டு போகப் பாத்தான். விடேல்ல. கையெழுத்துப் போட்டு வாங்கிப்போட்டன்."

"வாசல்லயாவது வச்சிட்டுப் போயிருக்கலாமே?"

"நனைஞ்சு போன பெட்டி பிஞ்சதை நான் பாத்தனான். வீட்டுக்குள்ள வர ஏலாது எண்டும் சொல்லிப்போட்டன். அப்ப நிக்கத்தானே வேணும்?"

ஏதோ கணக்குச் சரியாகிவிட்டதுபோல் சாதாரணமாகச் சொன்னார். ரீட்டா அக்கா கதவைத் திறந்து, "ரெண்டு தரம் தேத்தண்ணி கொண்டுபோய்ப் பருக்கினனான். உந்த மனுசனோட ஏலாது" என்றார். எட்டுக் கிலோ பெட்டியை அண்ணை என் கையில் மாற்றியபோது அவருடைய விரல்கள் உடனே நிமிரவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். "அழ நேரமில்லை. கிளப்பைப் பூட்டப் போறாங்கள், ஓடுங்கோ!" என்று விரட்டினார். நன்றிகூடச் சொல்லாமல் ஓடினேன்.

அன்று எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசித் தோட்டாவை முடித்தேன். மறுநாள் ஜெயித்தோம்! இரண்டே இரண்டு புள்ளி வித்தியாசம். ஹெர்மன் என்னைத் தூக்கிச் சுற்றினார்; பாரம் தூக்கியது அன்று அவர்தான். கிளப் வாசலிலிருந்தே அண்ணைக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"ஆருக்கும் ஒண்டும் இல்லையே?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணா!"

"ரீட்டா! தங்கச்சி வெண்டிட்டா!" என்று அவர் போட்ட சத்தம் அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த பெட்டி அவரிடம் வரவில்லை. ஹெர்மனின் தங்கையின் ரொட்டிக் கடை முகவரியைக் கொடுக்கலாமா என்று கேட்கப் போனேன். உள்ளே இருப்பது இன்னது என்று முதலில் சொன்னேன். அந்த அம்மா மாவுக் கையைத் துடைத்தபடி, அந்த அடுக்கில் வை, ரொட்டியோடு மட்டும் கலக்காதே என்றார். இவ்வளவு சுலபமான காரியம். இதை நான் முதல் நாளே யோசேப்பு அண்ணையிடம் செய்திருக்க வேண்டும்.

அடுத்த கோடையில் நாங்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டோம். இங்கும் ஒரு கிளப் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பதும் அங்கேதான் இருக்கிறது. சுட்டதும் துப்பாக்கியின் பிடியை வேகமாக இழுத்தால் வெற்று உறை தானே தெறித்துக் கீழே விழும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் அந்த இறுதிப் போட்டியிலிருந்து மெதுவாக இழுத்து, உறையை விரலால் எடுத்து, துணி விரித்த பெட்டியில் வைக்கிறேன். சூடு விரலில் பிடிக்கும். நேரமும் போகும். ஏன் என்று கேட்பவர்களிடம், பழக்கம் என்று சொல்லிவிடுவேன். அவரிடமும் இதைச் சொன்னதில்லை. ரீட்டா அக்கா பேசி வைத்த அன்று மாலை, கண் வீங்கியபடியே போய் இருபது தோட்டா சுட்டேன். ஓர் உறைகூடக் கீழே விழவில்லை, அண்ணை.